கடைசி அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள்

பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களுக்கும், இரவில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை வாசிக்கும் அம்மா அப்பாக்களுக்கும் வணக்கம்.

ஹங்கேரிய எழுத்தாளர் ஃபெரென்ஸ் மோல்நாரின் 'பால் தெருப் பையன்கள்' நாவலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பது வழக்கம்: "கடைசியில் அந்தச் சின்னப் பையன் செத்துப்போகிறானாமே. சண்டையில் ஜெயிக்கிற இடத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன?" அக்கறையில்தான் கேட்கிறீர்கள். தூங்கப் போகிற நேரத்தில் பிள்ளை அழுதால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? ஆனாலும் நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

புத்தகம் கைக்கு வராதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சேர்த்துத்தான். முடிவைப் பற்றிய மடலில் முடிவை ஒளித்துவைக்க முடியாது.

கதை நடப்பது 1889 வசந்தகாலத்தில், புடாபெஸ்டில், யோஷெஃப்வாரோஷ் என்ற வட்டாரத்தில். புடா, ஓபுடா, பெஸ்ட் என்ற மூன்று ஊர்களும் 1873இல்தான் ஒரே நகரமாயின. அப்போது மூன்று லட்சத்தை ஒட்டியிருந்த மக்கள்தொகை 1900இல் ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் எவ்வளவு வேகமாகக் கட்டடம் எழும்பியிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். நடுவில் முற்றமும் சுற்றிலும் நடைமாடங்களுமாக, மாடிக்கு மேல் மாடி எழுந்த குடியிருப்புகள். அவற்றில் வளர்ந்த பையன்களுக்கு ஓடியாட மிஞ்சியது ஒரு காலிமனை. ஒரு பக்கம் பால் தெருவின் பலகை வேலி. உள்ளே, மரம் அறுக்கும் ஆலைக்காரர்கள் சதுரம் சதுரமாக அடுக்கிவைத்த விறகுக் கட்டைகள், அவற்றுக்கு நடுவே சந்து சந்தாக வழிகள். பெரியவர்கள் கண்ணுக்கு வெறும் மண்ணும் கட்டையும். பையன்களுக்கோ அந்த அடுக்குகள் கோட்டைகள், சந்துகள் நகரத்து வீதிகள். திறந்த சமவெளியில் வளரும் பிள்ளைகளைப் பார்த்து, நகரத்துப் பையனுக்கு ஒரு காலிமனை என்னவாக இருக்கிறது தெரியுமா என்று மோல்நார் நேராகவே கேட்கும் இடம் ஒன்று உண்டு. அதை அவசரப்படாமல் வாசியுங்கள். அந்த மண்ணின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை வந்தால்தான் பின்னால் வருவது புரியும்.

இந்தப் பையன்கள் தங்களுக்குள் ஒரு படை வைத்திருக்கிறார்கள். பதினான்கு வயது போகா தலைவன். நிதானமானவன், குரலை உயர்த்தாதவன். மற்ற எல்லாருக்கும் லெஃப்டினென்ட், கேப்டன் என்று ஏதாவது ஒரு பதவி இருக்கிறது. சாதாரண சிப்பாய் ஒரே ஒருவன்தான்: எர்னோ நெமெச்செக். ஏழைத் தையல்காரரின் மகன், இருப்பதிலேயே சின்னவன். எல்லாரும் அவனுக்கு உத்தரவு போடுவார்கள், அவன் எல்லாருக்கும் சல்யூட் அடிப்பான். படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இந்த இடத்தில் தன் வகுப்பில் இருக்கும் யாராவது ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார். அந்த ஒருவர் தானேயாகவும் இருக்கலாம்.

எதிரணி செஞ்சட்டைக்காரர்கள். தாவரவியல் பூங்காவின் குளத்துத் தீவுதான் அவர்களுடைய பாசறை. அவர்களுக்குப் பந்து விளையாட இடமில்லை, அதனால் காலிமனையைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எதிரிக்கும் ஒரு நியாயமான தேவை இருக்கிறது. பிள்ளைகளுக்கான எத்தனையோ கதைகளில் எதிரி கெட்டவன் என்ற ஒரு காரணம் மட்டுமே சண்டைக்குப் போதுமானதாக இருக்கிறது. மோல்நார் அந்தக் குறுக்குவழியில் போகவில்லை. செஞ்சட்டைத் தலைவன் ஃபெரி ஆச் முரடன், ஆனால் மானஸ்தன்.

சின்னப் பையன் மூன்று முறை தண்ணீரில் நனைகிறான். கதையின் முதுகெலும்பு அதுதான். முதல் முறை, போகாவோடு எதிரியின் தீவை வேவு பார்க்கப் போனபோது படகிலிருந்து விழுகிறான். இரண்டாம் முறை, துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்பப் பூங்காவின் கண்ணாடிக் கூடத்துத் தொட்டிக்குள் இறங்கித் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிறான். இந்த இரண்டு இடங்களிலும் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாம் முறை அவன் தனியாகத் தீவுக்குப் போகிறான். மரத்தின் மேல் பதுங்கி, தங்கள் படையைச் சேர்ந்த கெரேப் எதிரிகளோடு கூடிப் பேசுவதைக் கேட்கிறான். பிறகு தானே கீழே குதித்து அவர்கள் முன்னால் நிற்கிறான். எங்களோடு சேர்ந்துவிடு என்கிறார்கள். மாட்டேன் என்கிறான். ஃபெரி ஆச்சின் உத்தரவுப்படி செஞ்சட்டைக்காரர்களான பாஸ்தோர் சகோதரர்கள் அவனைக் குளிர்ந்த குளத்தில் முக்கியெடுக்கிறார்கள். சொட்டச் சொட்ட நனைந்தபடி அவன் வெளியேறும்போது எதிரிகள் அவனுக்கு மரியாதை செய்து வழியனுப்புகிறார்கள்.

மரியாதை முதலில் எதிரியிடமிருந்து வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? சொந்தப் படையிலிருந்து அல்ல. நான் சொல்ல வந்ததே இதுதான்.

அவனுடைய பக்கத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? பையன்கள் பட்டிச் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கப் பூசுவார்களே, அந்தப் பட்டியைச் சுரண்டி எடுத்து உருண்டையாக்கிக் காப்பதுதான் சங்கத்தின் வேலை. அது காய்ந்துபோகாமல் தினமும் வாயில் போட்டு மெல்லுவது தலைவரின் கடமை. சங்கத்துக்கு முத்திரை உண்டு, கொடி உண்டு, சந்தா உண்டு, தீர்மானங்கள் எழுதும் பெரிய குறிப்பேடும் உண்டு. ஒரு கூட்டத்தின் நடுவில், கெரேபின் துரோகத்தைப் போகாவிடம் சொல்வதற்காக நெமெச்செக் எழுந்து ஓடுகிறான். ஏன் ஓடினான் என்று யாரும் கேட்பதில்லை. கோழை, துரோகி என்று தீர்மானம் போட்டு, அவன் பெயரை முழுக்கச் சிறிய எழுத்தில் குறிப்பேட்டில் பதிந்துவிடுகிறார்கள். ஹங்கேரிய எழுத்தில் ஒருவரின் பெயர் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். அதைச் சின்னதாக எழுதுவது அந்த ஆளையே சின்னதாக்குவது.

செய்தவர்கள் யார்? நல்ல பையன்கள். அவனுடைய கூட்டாளிகள். மண்ணுக்காக அவன் பக்கத்தில் நின்று சண்டை போடப்போகிறவர்கள். அதனால்தான் அது அவனை அவ்வளவு ஆழமாக அறுக்கிறது. செஞ்சட்டைக்காரர்கள் தண்ணீரில் முக்கியதை அவனால் தாங்க முடிகிறது. இதைத் தாங்க முடியவில்லை. காய்ச்சல் முற்றிப் பிதற்றும்போதும் அந்தச் சிறிய எழுத்துகள்தான் அவன் வாயில் வருகின்றன.

போர் நாளன்று காய்ச்சலோடு படுக்கையிலிருந்து தப்பி ஓடிவந்து, தன்னைவிட எவ்வளவோ பெரிய ஃபெரி ஆச்சின் மேல் பாய்ந்து அவனை விழுத்தாட்டுகிறான் நெமெச்செக். போர் அந்த நொடியில் முடிகிறது. சின்னவன் கேப்டனாகிறான், மயங்கி விழுகிறான். உங்களில் சிலர் புத்தகத்தை மூடிவிடச் சொல்லும் இடம் இதுதான்.

இங்கே மூடினால் பிள்ளையின் கையில் மிஞ்சுவது என்ன? சின்னவனாக இருந்தாலும் துணிந்தால் பெரியவனாகலாம், உயிரைப் பொருட்படுத்தாமல் கொடிக்காகப் போராடினால் பதவி வரும் என்ற செய்தி. இதைச் சொல்ல ஆயிரம் கதைகள் இருக்கின்றன. மோல்நார் இதோடு முடித்திருந்தால் இந்தப் புத்தகத்துக்காக நான் மடல் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வெற்றிக்குப் பிறகு அவர் செய்வதைப் பாருங்கள். ஒரு சிறு அத்தியாயத்தை அப்படியே பட்டிச் சங்கத்தின் குறிப்பேட்டுக்கு விட்டுக்கொடுக்கிறார். நெமெச்செக்கின் பெயரைப் பெரிய எழுத்தில் திருத்த வேண்டும், அவனுக்கு நடந்த அநியாயத்தைச் சங்கம் ஒப்புக்கொள்கிறது என்றெல்லாம் தீர்மானம் வருகிறது. கூடவே சங்கத்தின் மற்ற சில்லறை விவகாரங்களும் ஓடுகின்றன. படிக்கும்போது சிரிப்பு வரும், தொண்டையும் அடைக்கும். பையன்கள் பாராட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறார்கள். அதைக் கேட்டு மகிழும் நிலையை அவன் கடந்துவிட்டான்.

அந்த வீட்டில் நடக்கும் இன்னொன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் நாவலின் மிகத் துணிச்சலான பக்கங்கள் அவைதான். நெமெச்செக்கின் அப்பா தையல்காரர். செத்னெகி என்ற கனவான் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார். மகன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அளவு பார்க்க வந்து நிற்கிறார். தையல்காரரால் போய்விட்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கூலியை அவரால் விட முடியாது. பட்டாளமும் பதவியும் கொடியுமாக ஓடிக்கொண்டிருந்த கதை திடீரென்று ஒரு ஏழையின் சமையலறைக்குள் வந்து நின்றுவிடுகிறது. அந்தப் படையில் நெமெச்செக் மட்டும் ஏன் சிப்பாயாக இருந்தான் என்பதற்கு ஆசிரியர் ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்வதில்லை. இந்த வீட்டைப் பார்த்த பிறகு சொல்லவும் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியுமா என்று கேட்கிறீர்கள். அப்பா கடன் கேட்கும்போது பக்கத்தில் நின்றிருந்த பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகவே புரியும்.

அதற்கும் பிறகுதான் கடைசி அடி. நண்பனை இழந்த போகா காலிமனைக்குப் போகிறான். அந்த மண்ணுக்காகத்தானே இத்தனையும். அங்கே காவல்காரர் யானோ சொல்கிறார்: பொறியாளர் வந்துபோனார், இங்கே மாடிவீடு வரப்போகிறது. அந்த நிலம் ஒருநாளும் பையன்களுடையதாக இருக்கவில்லை. செஞ்சட்டைக்காரர்களுடையதாகவும் ஆகியிருக்காது. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே வேறு எங்கோ யாரோ கணக்குப் போட்டு முடித்திருந்தார்கள்.

இந்த இரண்டையும் மோல்நார் எந்த வரிசையில் வைத்திருக்கிறார் என்பதை யோசியுங்கள். நிலம் போன செய்தி முதலில் வந்து மரணம் பிறகு வந்திருந்தால், பையன் வீணாகச் செத்தான் என்று ஒரே மூச்சில் அழுதுவிட்டு எழுந்திருக்கலாம். மரணம் முதலில் வருகிறது. நாம் அழுகிறோம், மண்ணைக் காப்பாற்றினானே என்று ஓரளவு தேறுகிறோம். பிறகு அந்த ஆறுதலும் போகிறது. அதன் பிறகும் நெமெச்செக் செய்தது பெரிய காரியமாகவே நமக்குத் தெரிகிறதே, அது எப்படி என்ற கேள்வி பிள்ளையின் மனதில் வந்து உட்காருகிறது. அந்தக் கேள்விக்காகத்தான் கடைசி அத்தியாயம் வேண்டும் என்கிறேன். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியரும் சொல்லவில்லை.

மரணத்தை மறைக்கிறவர்களைப் பற்றி மட்டுமல்ல என் கவலை. அதைத் தூக்கிப்பிடித்துப் பாடம் நடத்துகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். நாட்டுக்காக உயிர் கொடுத்த குட்டி வீரன் என்று நெமெச்செக்குக்கு மாலை போட்டு, தியாகம் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்வதும் இந்தப் புத்தகத்தைக் கெடுப்பதுதான். மோல்நார் இதை எழுதியது 1906இல், மாணவர்களுக்கான ஓர் இதழில் தொடராக. அவருடைய பழைய ஆசிரியர் ஒருவர்தான் அந்த இதழை நடத்தினார். 1907இல் புத்தகமாக வந்தது. ஏழே ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. 1889இல் பதினான்கு வயதாக இருந்த ஒரு பையனுக்கு 1914இல் முப்பத்தொன்பது வயது. பால் தெருப் பையன்களைப் போன்றவர்கள் நிஜச் சீருடை போடும் வயதில்தான் இருந்தார்கள். மோல்நாரே செய்தியாளராகப் போர்முனைக்குப் போனார். அதையெல்லாம் தெரிந்துகொண்டு படிக்கும் நமக்கு, இந்தக் கதையை வீரமரணத்தின் புகழ்ச்சியாகப் படிக்க மனம் வரக் கூடாது. பதவி, சல்யூட், தீர்மானம், முத்திரை என்று பெரியவர்களைப் பார்த்துப் பையன்கள் எடுத்துக்கொண்ட அத்தனையும் கடைசியில் ஒரு படுக்கையருகே வந்து உதவாமல் நிற்கின்றன. அதைக் கண்ணால் காட்டுகிற புத்தகம் இது.

நெமெச்செக்கின் பெருமையைக் காட்ட வேண்டுமானால் போரை விட்டுவிட்டு வேறொரு இடத்துக்குப் போங்கள். கெரேபின் அப்பா காலிமனைக்கு வருகிறார். என் மகன் துரோகி என்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறார். நெமெச்செக் கண்ணால் பார்த்த சாட்சி. கெரேபால்தான் அவன் குளத்தில் முக்கப்பட்டான், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் அந்த மனிதரைப் பார்த்து, உண்மையில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். பொய் சொல்லக் கூடாது என்று சொல்லித்தரும் நாம் இந்த இடத்தில் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். பிள்ளைகளே பேசட்டும். சொல்லியிருக்க வேண்டும் என்று சிலரும் சொல்லியிருக்கக் கூடாது என்று சிலரும் பிரிந்து நின்று வாதாடும்போது குறுக்கே போகாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

சில குறைகளையும் சொல்லியாக வேண்டும். அம்மாவையும் வேலைக்காரப் பெண்ணையும் விட்டால் பெண்களே இல்லாத கதை இது. கேட்டுக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை, நான் இருந்திருந்தால் எந்தப் பதவி கொடுத்திருப்பார்கள் என்று கேட்டால் அது சரியான கேள்விதான். காவல்காரர் யானோ ஸ்லோவாக்கியர். கிராமத்திலிருந்து பிழைக்க வந்த அவரைச் சுருட்டுக்கும் காசுக்கும் மசிகிறவராகவே கதை காட்டுகிறது. அவருடைய இனத்தைச் சொல்லிக் கூப்பிடும் தொனியில் அந்தக் காலத்து ஏளனம் ஒட்டியிருக்கிறது. அதையும் வெட்டாமல் வாசித்துவிட்டு, இப்படிப் பேசுவது எங்கிருந்து வருகிறது என்று பேசுங்கள். மோல்நாரே பின்னால் தன் பிறப்புக்காக ஒதுக்கப்பட்டவர்தான். யூதக் குடும்பத்தில் 1878இல் பிறந்தவர். ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்த காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி, 1952இல் நியூயார்க்கில் இறந்தார். உலகம் அவரைப் பெரும்பாலும் நாடக ஆசிரியராகத்தான் அறியும்.

அவருடைய ஊர் இந்தக் கதையைக் கைவிடவில்லை. ஹங்கேரியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். நாட்டின் பிரியமான நாவல் எது என்று 2005இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது இரண்டாவது இடம் இதற்குக் கிடைத்தது. ஹாலிவுட்டில் ஃப்ராங்க் போர்சேகி 1934இலும், ஹங்கேரியில் ஸோல்தான் ஃபாப்ரி 1969இலும் படமாக எடுத்தார்கள். அந்தத் தாவரவியல் பூங்கா இன்றும் இருக்கிறது. நாவலின் நூற்றாண்டான 2007இல் அதே வட்டாரத்தின் ப்ராட்டர் தெருவில் வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். கோட்டையும் கொடியுமான போர்க்காட்சியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அருங்காட்சியகத் தோட்டத்தில் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்த சின்னவர்களிடம் பாஸ்தோர் சகோதரர்கள் வந்து அத்தனை குண்டுகளையும் வாரிக்கொண்டு போவார்களே, அந்தக் காட்சியைத்தான் வடித்திருக்கிறார்கள். பலசாலி எடுத்துக்கொண்டால் எதிர்த்துப் பேசக் கூடாது என்ற தெருச் சட்டத்தின் முன்னால் பிள்ளைகள் முதன்முதலாகச் சினந்து நிற்கும் இடம். சிலை வைத்தவர்களுக்குக் கதை நன்றாகப் புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது என் வேலை. மரணம் வரும் கதைகளில் அவர்களைப் பயமுறுத்துவது பெரும்பாலும் மரணம் இல்லை, பெரியவர்களின் முகம்தான். குரல் மாறி, பக்கத்தைத் தாண்டி, பேச்சை வேறு எங்கோ திருப்புகிறோமே, அப்போதுதான் இங்கே ஏதோ சொல்லக் கூடாத ஒன்று இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொள்கிறார்கள். நேராக வாசித்துவிட்டால் அழுகிறவர்கள் அழுவார்கள். கோபப்படுகிறவர்கள் அதைவிட அதிகமாக இருப்பார்கள். குறிப்பேட்டில் சிறிய எழுத்தில் எழுதியவர்கள் மேல் கோபம், கோட்டுக்காரர் மேல் கோபம், வீடு கட்ட வரும் முதலாளி மேல் கோபம். அந்தக் கோபம் அவர்களுக்கு வேண்டியதுதான். தணிக்கப் பார்க்காதீர்கள்.

வாசிக்கும்போது கடைசி இரண்டு அத்தியாயங்களையும் ஒரே அமர்வில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டின் வேடிக்கையோடு ஒருநாள் நிறுத்திவிட்டு மறுநாள் சாவோடு தொடங்கினால் இரண்டும் கெட்டுவிடும். தேர்வில் கேள்வி வைக்காதீர்கள், சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். யாராவது பிள்ளை எழுந்து வெளியே போனால் போக விடுங்கள். திரும்பி வந்து, அப்புறம் போகா என்ன செய்தான் என்று கேட்டால், புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். வாழ்க்கை என்றால் என்ன என்பது அவனுக்கு முதன்முதலாக லேசாகப் புரியத் தொடங்கியது என்று அங்கே எழுதியிருக்கிறது.

ஒன்றே ஒன்று மீதி இருக்கிறது. எந்த மொழியில் வாங்கினாலும் சரி, சுருக்கப் பதிப்புகளைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடைசிப் பக்கங்களைப் புரட்டி, கோட்டு அளவு பார்க்க வரும் கனவானும், மாடிவீடு கட்ட அளந்துவிட்டுப் போன பொறியாளரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டு, முழுப் பதிப்பு வேண்டும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் ஒருத்தி